மஞ்சள் கையுறை போட்ட துப்பாக்கி

பள்ளிப் பேருந்துக் கொட்டகையில் வண்டி கழுவும் ரே குழாயை முழு வேகத்தில் திருப்பிவிட, அதற்கு நேர் எதிரே நின்று நெல்டா குபியாக் காபி குடித்துக்கொண்டிருந்தார். உடம்பில் புதிய மழைக்கோட்டு. விலைச்சீட்டு இன்னும் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது. டிசம்பர் மாதத்துக் காலை. குழாய்த் தண்ணீர் தரையில் விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்தது.

“முதுகுல அடிக்காத ரே. முதுகுல எந்தக் கோட்டும் தாங்கும். தோள்பட்டைத் தையல்ல அடி.”

“பஸ்ஸக் கழுவணும் நெல்டா. எல்லா வண்டியும் காத்துக்கிட்டு நிக்குது.”

“பஸ்ஸு அழுக்கா இருந்தா அதுக்குக் காய்ச்சல் வராது. அடி.”

அடித்தான். காபி முடிந்ததும் நெல்டா கோட்டைத் திறந்து, அக்குளிலிருந்து ஓர் உப்பு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். மொறுக்கென்றது. வலது பையில் ஒன்று, அதுவும் மொறுக். இடது பையில் வைத்தது கூழாகியிருந்தது. அதையும் விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “கோட்டு தேறிடுச்சு. இடது பைய மட்டும் நம்பக் கூடாது. என் அக்கா புருஷன் மாதிரி.”

பென்சில்வேனியாவின் வடக்கு மலைகளில் இப்படி அக்குளில் பிஸ்கட் வைத்துக் கோட்டுக்குப் பரீட்சை வைப்பவர் நெல்டா ஒருவர்தான். மற்றவர்கள் கோட்டை நம்பி வாங்குகிறார்கள், காட்டில் நனைகிறார்கள், தும்முகிறார்கள், அடுத்த வருடம் இன்னும் விலை கூடிய கோட்டை நம்புகிறார்கள். நெல்டாவுக்கு விலை கூடிய பொருளைக் கண்டாலே சந்தேகம். “பணக்காரன் நனைஞ்சா அதுக்குப் பேரு அனுபவம். நம்ம நனைஞ்சா அதுக்குப் பேரு ஜலதோஷம்” என்பார்.

பிழைப்பு, பள்ளிப் பேருந்து ஓட்டுவது. ஊரில் முப்பது வயதுக்குக் கீழே உள்ள அத்தனை பேரும் அவர் கண்ணாடியில் முகம் காட்டி வளர்ந்தவர்கள். இன்றைக்கும் கடைத்தெருவில் அவரைப் பார்த்தால் மீசை வைத்த ஆண்கள் நிமிர்ந்து நடப்பார்கள். பேருந்து ஓட்டாத நேரத்தில் மலிவான பொருள்களை வதைப்பார். பூட்ஸ் என்றால் அதைப் போட்டுக்கொண்டு ஓடைக்குள் நின்று அக்காவோடு தொலைபேசியில் பேசுவார். பேச்சு முடிவதற்குள் கால் நனைந்தால் பூட்ஸ் தோற்றது. அக்காவோடு பேச்சு சீக்கிரம் முடியாது என்பதால் தேறிய பூட்ஸ்கள் மிகக் குறைவு. கம்பளிக் காலுறை என்றால் மாட்டிக்கொண்டு, குளிர்பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, உறைந்த பட்டாணிப் பொட்டலங்களுக்கு நடுவே கால்களை இறக்கிவிட்டுத் தொலைக்காட்சியில் செய்தி பார்ப்பார். கணவர் வால்ட் பட்டாணி சாப்பிடுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. காரணம் கேட்டால், பிடிக்காது என்று மட்டும் சொல்வார்.

முடிவுகள் உணவகத்தின் நீளமேசையில் வாய்மொழியாக வெளியாகும். “அந்தக் கையுறையா? கல்யாணத்துக்குப் போட்டுக்கலாம், காட்டுக்கு ஆகாது.” “அந்தத் தொப்பி நல்லது, ஆனா நாய் பயப்படும்.” ஊரில் யாரும் அவரைக் கேட்காமல் கடைக்குப் போவதில்லை. கேட்காமல் போகிறவர் ஒருவர் உண்டு. அவர்தான் இடது பை.

ஆர்வின். நெல்டாவின் அக்கா கணவர். எரிவாயு நிறுவனத்தில் ஓய்வு பெற்றவர். விலைப்பட்டியல் பார்த்துப் பொருள் வரவழைப்பதே ஓய்வுகாலத்து வேலை. அவருடைய கோட்டை மலையேறும் வீரர்கள் போடுவதாகப் பெட்டியில் எழுதியிருந்தது. ஆர்வின் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஆனால் பெட்டியின் மேல் அவருக்கு அபார மரியாதை. அதை இன்னும் தூக்கிப் போடவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் வரும் வேட்டைப் பருவம்தான் இவர்கள் எல்லாருக்கும் உயிர். அதில் பழைய பாணித் துப்பாக்கி மட்டுமே அனுமதி: குழல் வாயில் கருமருந்தைக் கொட்டி, துணி சுற்றிய ஈயக்குண்டை வைத்து, கோலால் இடித்து இறக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் சின்னக் கிண்ணியில் துளி மருந்து. விசையை இழுத்தால் குதிரை என்கிற சுத்தி பாய்ந்து, அதன் வாயிலிருக்கும் தீக்கல் இரும்பில் உரசி, பொறி கிண்ணியில் விழுந்து, கிண்ணி நெருப்பு துளை வழியே உள்ளே போய், அப்புறம் வெடிக்கும். வெடித்தால். மழைக்காலத்தில் இதைத் தூக்கிக்கொண்டு மலையில் உட்காருவதற்கு ஓர் அசாத்திய நம்பிக்கை வேண்டும், அல்லது வீட்டில் யாரோடாவது சண்டை போட்டிருக்க வேண்டும்.

துப்பாக்கியின் குதிரையை நனையாமல் மூட, கொழுப்புத் தடவிய தோலுறை கடையில் உண்டு. ஆர்வினிடம் இருப்பது எருமைத்தோல். நெல்டா அந்த விலையைக் கேட்டுவிட்டு நேரே பாத்திரக் கடைக்குப் போய், பாத்திரம் தேய்க்கும் மஞ்சள் ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கிவந்தார். மணிக்கட்டுப் பகுதியை வெட்டிக் குதிரைக்குப் போர்த்தினார். கட்டைவிரலை வெட்டிக் குழல் வாய்க்குக் குல்லாய் போட்டார். ரேயின் குழாய்க்கு முன்னால் துப்பாக்கி குளித்தது. கிண்ணி மருந்து உதிரியாகவே இருந்தது. “ஒரு ஜோடி கையுறையில ரெண்டு துப்பாக்கிக்கு மழைக்கோட்டு” என்று உணவகத்தில் அறிவித்தார். இடது கையுறை அவர் துப்பாக்கிக்கு. வலதை ப்ரென்ட்டுக்குக் கொடுத்தார்.

ப்ரென்ட் அவர் பேருந்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வளர்ந்தவன். மர அறுவை ஆலை இலையுதிர் காலத்தில் மூடியதிலிருந்து வேலையில்லை. இரண்டு பெண் குழந்தைகள், காலியான குளிர்பெட்டி. நவம்பர் வேட்டையில் அவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. மாமனாரின் பழைய துப்பாக்கி இருந்தது; மற்றதெல்லாம் நெல்டா சொன்னபடி வாங்கினான். கோட்டு, பூட்ஸ், பூட்ஸுக்குள் போட ரொட்டி வந்த பிளாஸ்டிக் பை. பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை வரை ஒரு மானும் அவன் துப்பாக்கிக்கு எட்டும் தூரத்தில் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை விடியும்போதே வானம் பாதி மழையாகவும் பாதி பனியாகவும் கொட்டிக்கொண்டிருந்தது. ஆர்வினின் வேட்டைக்குடிலின் முன்கூடத்தில் மூவரும் துப்பாக்கிக்கு மருந்து கெட்டித்தார்கள். துப்பாக்கியை உள்ளே அடுப்புப் பக்கம் கொண்டுபோனால் அதற்கு வியர்க்கும், மருந்து கெடும். அதனால் அது இரவெல்லாம் வெளியேதான் தூங்கும்.

“மச்சினி, உன் துப்பாக்கி பாத்திரம் தேய்க்கப் போகுதா, மான் சுடப் போகுதா?” என்றார் ஆர்வின்.

“ரெண்டும் செய்யும். உங்க எருமைத்தோலு ரெண்டும் செய்யாது.”

“இந்த மழையில கையுறை தாங்கும்ங்களா மிஸ் நெல்டா?” என்று ப்ரென்ட் மெல்லக் கேட்டான்.

“ரேயோட குழாய விடவா இந்த மழை பெருசு? இங்க பாரு.” நெல்டா அளவுக்குப்பியில் எடுத்திருந்த கருமருந்தைத் தன் உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். “எப்படி உதிருது பாரு, எள்ளு மாதிரி. இதே மருந்து, இதே கையுறை, ராத்திரி பூரா வெளிய கெடந்தது. தைரியமாப் போ.”

ப்ரென்ட் போனான். அவன் முகத்தில் வந்த தெளிவைப் பார்த்து நெல்டாவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முற்பகலில் ஒரு பெட்டை மான் சரிவில் இறங்கி, நெல்டா உட்கார்ந்திருந்த விழுந்த மரத்துக்கு வெகு அருகில் வந்து நின்றது. மஞ்சள் உறையை உருவினார். குறிபார்த்தார். இழுத்தார். குதிரை பாய்ந்தது, கிண்ணி பளீரென்று எரிந்து புகை கிளம்பியது. அதோடு சரி. தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும் என்று குழலை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். மான் புகையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, ஏதோ சொல்ல வந்து மறந்த மாதிரி நின்றது. கிண்ணியில் மறுபடி மருந்து போட்டு மறுபடி இழுத்தார். மறுபடி புகை. மான் இரண்டாவது முறை ஏமாற்றப்படுவதை விரும்பாமல், ஊற்றுப் பக்கம் நடந்தே போனது. ஓடக்கூட இல்லை.

மேலே அடுத்த மேட்டிலிருந்து ஆர்வினின் சிரிப்பு கேட்டது. விலை கூடிய தொலைநோக்கியில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

நெல்டா கிண்ணியைத் தொட்டுப் பார்த்தார். உலர்ந்திருந்தது. துளையில் ஊசியை விட்டுப் பார்த்தார். அடைப்பில்லை. உள்ளங்கையைப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. ப்ரென்ட்டுக்குக் காட்டுவதற்காகக் கையில் கொட்டிய மருந்து. அதைத் திரும்ப மருந்து வைக்கும் மாட்டுக்கொம்புக்குள் போட்டு மூடினார். குழலுக்குள் போடவில்லை. குண்டை மட்டும் எடுத்து, வெகு அழகாகத் துணி சுற்றி, கடைசிவரை இடித்து இறக்கியிருக்கிறார். மருந்தே இல்லாத துப்பாக்கியைத்தான் காலையிலிருந்து நனையாமல் காத்துக்கொண்டிருந்தார்.

இந்த வேட்டைக்காரர்களிடம் இதைவிடக் கேவலம் இல்லை. பயந்து மரத்தில் ஏறியவனைக்கூட மன்னிப்பார்கள்.

தப்பிக்க வழியும் இருந்தது. துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை உள்ளே தட்டிவிட்டுச் சுட்டால் குண்டு வெளியே போய்விடும். ஈரத்தில் அடைத்துக்கொண்டது என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. நெல்டா கொம்பின் மூடியைத் திறந்தேவிட்டார். கீழே, வெகுதூரத்தில், ப்ரென்ட் மலிவுக் கோட்டின் தலைமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பாறையோடு பாறையாக உட்கார்ந்திருந்தது தெரிந்தது. மூடியை மூடினார்.

மதியம் குடிலில் அடுப்பு கணகணவென்று இருந்தது. ஆர்வின் வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தோடு பியரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும், பீட்ரூட்டில் ஊறிய முட்டையும் பரிமாறினார். சமையலில் அவர் கெட்டிக்காரர். அதை நெல்டாவே ஒப்புக்கொள்வார், அவர் காதில் விழாதபடி. சுவரெல்லாம் சட்டைத்துணி ஆணியடித்துத் தொங்கியது. குறி தவறியவனின் சட்டைவாலை, அதாவது சட்டையின் பின்தொங்கலை, வெட்டி, பெயர் எழுதி, சுவரில் அடிப்பது குடிலின் சட்டம். ஆர்வினின் வால்கள் மட்டும் சேர்த்துத் தைத்தால் ஒரு கூடாரம் வரும். நெல்டாவின் வால் ஒன்றுகூட அங்கே இல்லை. சட்டத்தில் ஒரே ஒரு சலுகை உண்டு: தப்பு மழை மேலோ பனி மேலோ என்றால் வால் தப்பிக்கும்.

“உன் வால் இன்னிக்கும் பொழைச்சிடுச்சு மச்சினி” என்றார் ஆர்வின், பெருந்தன்மையாக. “மழை செஞ்ச வேலை. மழையும் கையுறையும் சேர்ந்து செஞ்ச வேலை. நான் ஒண்ணும் சொல்லல. ரெண்டு தடவ கிண்ணி எரிஞ்சது, உள்ள ஒண்ணும் பத்தல. உள்ள இருந்த மருந்து களியாயிருக்கும்.”

நெல்டா முட்டையைக் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தார்.

ப்ரென்ட் தன் தட்டைத் தொடவில்லை. “அப்ப என்னோடதும் களிதானே? ஒரே ஜோடிக் கையுறை.”

“புதுசாக் கெட்டிச்சுக்கலாம்பா. ஆனா அதே கையுறைதானே மேல. சாயங்காலம் இன்னும் வலுக்கும்ங்கறாங்க.” ஆர்வின் அவன் தோளைத் தட்டினார். “வீட்டுக்குப் போ. குளிர் காஞ்சுக்கோ. என் குளிர்பெட்டியில கெடக்கறதுல பாதிய எடுத்துக்கோ. உன் புள்ளைங்க சாப்பிடட்டும்.”

நல்ல மனசோடுதான் சொன்னார். ப்ரென்ட்டின் காதுகள் சிவந்தன. “வேணாங்க. பரவால்ல” என்று எழுந்து, ஆணியிலிருந்து கோட்டை எடுத்தான். “நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க மிஸ் நெல்டா. வரேன்.”

“ப்ரென்ட், உட்காரு.”

பேருந்துக் குரல். அவன் கோட்டை ஒரு கையில் மாட்டியபடியே உட்கார்ந்துவிட்டான். ஆர்வினும் ஏன் என்று தெரியாமல் உட்கார்ந்தார்.

நெல்டா வெளியே போய்த் தன் துப்பாக்கியை எடுத்துவந்தார். கிண்ணியை ஊதிச் சுத்தம் செய்தார். கெட்டிக்கும் கோலின் முனையில் திருகாணியை மாட்டி, குழலுக்குள் விட்டு, குண்டின் ஈயத்தில் திருகி, துப்பாக்கியை இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கி இழுத்தார். ‘பொளக்’ என்று குண்டு வெளியே வந்தது. ஆர்வின் ரொட்டியால் துடைத்துத் துடைத்து வெள்ளையாக்கி வைத்திருந்த தட்டை இழுத்துப்போட்டு, குழலை அதன் மேல் கவிழ்த்தார்.

“மருந்து நனைஞ்சிருந்தா என்ன வரும், ஆர்வின்?”

“கரிக்குழம்பு வரும்.”

குழலைத் தட்டினார். திருப்பித் தட்டினார். தட்டு வெள்ளையாகவே இருந்தது. ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை.

ஆர்வின் தட்டைப் பார்த்தார், குழலைப் பார்த்தார். அவர் முகத்தில் சூரியன் உதிப்பது போல ஒன்று நிகழ்ந்தது. “மச்சினி... நீ மருந்தே போடலையா?”

“போடல.”

“வெறும் குண்ட மட்டும்...”

“நல்லா இடிச்சு எறக்கினேன். அதுல கொற சொல்ல முடியாது.”

ஆர்வின் சிரித்த சிரிப்பில் முட்டை ஜாடி மேசையில் நகர்ந்தது. மூச்சு முட்டி, அடுப்பின் கம்பியைப் பிடித்து, கையைச் சுட்டுக்கொண்டு, மறுபடியும் சிரித்தார். “அந்த மானு... அந்த மானு உன்னையே பாத்துது நெல்டா! ஐயோ, பாவம் அது!” ப்ரென்ட் முதலில் அடக்கிப் பார்த்தான், அப்புறம் அவனும் உடைந்தான். இலையுதிர் காலத்துக்கு அப்புறம் அவன் சிரித்து ஊரில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

“சிரிச்சாச்சா?” என்றார் நெல்டா, ஒரு குழந்தையைப் படியில் இறக்கிவிடும் நிதானத்தில். “கையுறை மேல தப்பில்ல. கிண்ணி மருந்து ரெண்டு தடவையும் பத்துச்சு, அது உலர்ந்து இருந்ததாலதான் பத்துச்சு. உள்ள மருந்து போட்டிருந்தா மானு இந்நேரம் என் வண்டியில கெடக்கும். நீ காலையில மருந்து போட்டத நான் பாத்தேன். என்னோடதப் பாக்கத்தான் ஆள் இல்ல. அந்த மானு ஊத்துப் பக்கம் போச்சு, நடந்துதான் போச்சு. அங்க பெரிய ஹெம்லாக் மரம் ஒண்ணு சாஞ்சு கெடக்கும். காத்த மூஞ்சிக்கு வெச்சுக்கோ, உன் வாடை மானுக்குப் போகாது. போ.”

ப்ரென்ட் பியரோகி இரண்டை வாயில் திணித்துக்கொண்டான். கோட்டின் இன்னொரு கையையும் மாட்டினான். கதவருகில் நின்று, தன் துப்பாக்கியின் மஞ்சள் கையுறையை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, கொட்டும் பனிமழைக்குள் போனான்.

ஆர்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தரிக்கோலைத் தேடினார். அது எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்போதும் தெரியும். இருந்தாலும் இன்றைக்குத் தேடுவதிலேயே ஒரு சுகம். “சட்டம் சட்டம்தான். சுவத்தப் பாத்து நில்லு.”

நெல்டா சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டையின் வாலைப் பேன்ட்டிலிருந்து உருவிவிட்டுத் திரும்பி நின்றார்.

“நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா நான் கையுறையத்தான் திட்டியிருப்பேன்” என்றார் ஆர்வின், கத்தரிக்கோலை மெதுவாக ஓட்டியபடி. “சாகறவரைக்கும் திட்டியிருப்பேன்.”

“தெரியும்.”

“இப்ப உன்னத்தான் கிண்டல் பண்ணுவேன். சாகறவரைக்கும்.”

“அதுவும் தெரியும். வளைஞ்சு வளைஞ்சு வெட்டாதீங்க. நல்ல துணி.”

“எவ்வளவுக்கு வாங்கின?”

“சொன்னா உங்களுக்குத் தூக்கம் வராது.”

துணி பாதிக்கு மேல் வெட்டுப்பட்டிருந்தபோது ஊற்றுப் பக்கமிருந்து ஒரு வெடி கேட்டது. கனமான, தாழ்ந்த, ஒரே வெடி. மலை அதை வாங்கி, எதிர் மலைக்குக் கொடுத்து, திரும்ப வாங்கிக்கொண்டது. கத்தரிக்கோல் நின்றது.

“வெடிச்சிடுச்சு” என்றார் ஆர்வின், குரலைத் தாழ்த்தி. பிறகு தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள, “பட்டுச்சோ, படலையோ. யாரு கண்டா. இரு, வால முடிச்சிக்கலாம்” என்றார்.

நெல்டா கத்தரிக்கோலிலிருந்து வாலை விடுவித்துக்கொண்டார். கதவுக்குப் பின்னாலிருந்த மான் இழுக்கும் கயிற்றை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, பாதி வெட்டுப்பட்ட சட்டைவால் பின்னால் படபடவென்று அடிக்க, கோட்டுக்கூடப் போடாமல் ஊற்றுப் பக்கம் ஓடினார்.